இது இல்லாம ஓடுமா

அக்கா முதலில் சாயாவில் சீனியை நிறுத்தினாள். இரண்டு வாரம் கழித்துப் பாலை நிறுத்தினாள். பிறகு ஒரு நாள் தேயிலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடி கிளாஸில் வெறும் சுடுவெள்ளத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கேன்டீன்காரர் என்னிடம் வந்து, அடுத்த மாசம் கிளாஸும் வேண்டாமென்று சொல்லி உள்ளங்கையில் வாங்கிக் குடிப்பாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே யோசிக்கிறாள் என்று தோன்றியது.

கேரள எல்லைக்குள் தனுவச்சபுரம் பக்கம் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையம். கீழே உரக்கடை, மேலே நாங்கள். மழைக்காலத்தில் யூரியா வாசனை வகுப்புவரைக்கும் ஏறி வரும். நான் கம்ப்யூட்டர் டீச்சர். அக்கா எலக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பிள்ளைகளும் பிரின்சிபாலும் அவளைச் சேச்சி என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் தமிழ் என்பதால் எனக்கு அவள் அக்கா. நான் உதியன்குளங்கரையிலிருந்தும் அவள் குன்னத்துகாலிலிருந்தும் பஸ்ஸில் வருவோம்.

என் லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் உண்டு, ஓடுவது ஏழு. நாற்பது பிள்ளைகள். ஒருவன் தட்டுவான், மற்றவர்கள் அவன் பிடரியைப் பார்த்துப் படிப்பார்கள். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றுவதற்கு யாருக்கும் அனுமதியில்லை. அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. கேன்டீனில் ஒரு சாயாவும் வடையும் என்ன விலையோ அதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு சிப் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, தபாலில் ஒரு பொட்டலம் வரவழைத்தாள். சோப்பு டப்பா மூடி அளவுக்கு ஒரு பலகை. அதில் அந்தச் சிப், எட்டு சுவிட்ச், ஒரு பொத்தான், கடுகு மாதிரி எட்டு விளக்கு. திரையில்லை, கீபோர்டு இல்லை. பழைய போன் சார்ஜரில் செருகினால் உயிர் வரும். சுவிட்ச் மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் பூஜ்யம். எட்டையும் சரியாக வைத்துப் பொத்தானை அமுக்கினால் அந்த எட்டும் சேர்ந்து ஒரு சொல்லாக உள்ளே போகும். இப்படி நூறு தடவை அமுக்கினால்தான் ஒரு விளக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடித் திரும்பும்.

பிள்ளைகள் அதற்கு எட்டுக்கண்ணன் என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கொன்று கிடைத்தது. ஐந்து வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்திருந்தும், உள்ளே ஒரு எண் எங்கே போய் நிற்கிறது, யார் அதை எடுத்து யாரிடம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பின்வரிசையில் உட்கார்ந்து நானும் ஒரு பலகையை வாங்கிப் பொத்தான் அமுக்கித்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பலகையைப் பற்றியல்ல. அதை அவள் எப்படிச் செய்தாள் என்பதைப் பற்றி. முதலில் செய்த பலகையில் சுவிட்சும் விளக்கும் போகப் பதினான்கு சாமான் இருந்தது. புத்தகத்தில் எப்படிப் போட்டிருந்ததோ அப்படியே பற்றவைத்திருந்தாள். அது ஓடியவுடன் சந்தோஷப்படாமல், சூடு கம்பியை எடுத்து ஒரு சாமானை இளக்கி எடுத்தாள். கரண்ட் கொடுத்தாள். ஓடியது. எடுத்ததை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டாள். அடுத்தது. "இது இல்லாம ஓடுமா?" ஓடியது. அதுவும் டப்பாவுக்குள். இப்படி எடுத்துக்கொண்டே போய், ஒன்றை எடுத்ததும் பலகை செத்துக் கிடந்தது. உடனே அதை மட்டும் திரும்ப வைத்தாள். விளக்கு எரிந்தது.

"இப்ப தெரிஞ்சுதா? இதாக்கும் வேண்டியது. மத்ததெல்லாம் பயத்துக்கு வச்சது."

பதினான்கில் நாலுதான் மிஞ்சியது.

அந்தக் கேள்வி பலகையோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. என் ஆறு பக்கப் பாடக் குறிப்பை வாங்கி, இது இல்லாம ஓடுமா, இது இல்லாம ஓடுமா என்று வெட்டி அரைப் பக்கமாக்கித் தந்தாள். அரைப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது, அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ஒரு ஜூன் மாதம் குடை இல்லாமல் ஓடுமா என்று பார்த்தாள். ஒரு வாரம் நனைந்துகொண்டே வந்தாள், எட்டாம் நாள் காய்ச்சலில் படுத்தாள், பிறகு குடையோடு வந்து, குடை வேண்டியதாக்கும் என்று ஏதோ பரிசோதனை முடிவைப் போலச் சொன்னாள். அவள் வீட்டுக்கு நான் முதலில் போனபோது இரண்டு நாற்காலி இருந்தது. அடுத்த முறை ஒன்று. அதற்கடுத்த முறை பாய். டம்ளர் ஒன்றே ஒன்று இருந்ததால் நான் குடித்து முடித்த பிறகு அவள் அதைக் கழுவிக் குடித்தாள். கட்டிலை, பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் வெட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாளாம். அவர் வீட்டில் பிள்ளைகள் உண்டு, எனக்குத் தரை மதி, அது போதும் என்றாள்.

பிரின்சிபாலுக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று அசெம்ப்ளியில் அவளைக் காட்டிச் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. போதும் என்றிருப்பவள் இருப்பதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். இவள் எது போனால் நின்றுபோகும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஏன் தேடினாள் என்பது எனக்கு டப்பாவிலிருந்துதான் தெரிந்தது. ஒரு நாள் மதியம் ஒரு சாமானுக்காக அதைக் கிளறியபோது மெல்லிசாக ஒரு பொன் மோதிரம் கையில் வந்தது. அக்கா அப்போது கப்பைக் கிழங்கும் மிளகுச் சம்மந்தித் துவையலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மீனை அதற்கு முந்தின மாதமே நிறுத்தியிருந்தாள். அது கல்யாண மோதிரமாக்கும், அங்கேயே போடு என்றாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தின்றால் வராது. மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துத் தின்ன வேண்டியிருந்ததில் நாலைந்து நாள் தவறி, கல்யாணமான எட்டாம் மாதம் மாமியார் முன்னால் அடுக்களையில் விழுந்தாள். அன்றைக்கே அவள் அண்ணனை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு வருடம் கழித்து, பாறசாலைக்கு ஏதோ வேலையாகப் போனவள் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி அந்த வீட்டு முன்னால் நடந்து பார்த்திருக்கிறாள்.

"அடுக்களையில புகை வந்துட்டு இருந்து. கொடியில துணி கெடந்து. கோழி மேஞ்சுட்டு நின்னு. என்னெ எடுத்து மாத்தின பெறவும் அந்த வீடு ஓடிச்சு மக்கா. ஒண்ணும் நிக்கல்ல."

கப்பையை மென்றுகொண்டேதான் சொன்னாள். மோதிரத்தை டப்பாவில் போட்டு மூடினேன்.

அவள் தோற்றுப்போனதும் ஒரு தடவை உண்டு. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டக்காரர். தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பலகை ஒன்றை அவருக்குச் சும்மாவே செய்து கொடுத்தாள். அதிலும் தேவையில்லாததையெல்லாம் எடுத்திருந்தாள். எடுத்ததில் ஒன்று, அரிசி மணி அளவில் ஒரு கெப்பாசிட்டர். குழாயில் வெள்ளம் நின்றால் அடுக்களையில் ஒரு குடம் இருக்குமே, அது மாதிரி கொஞ்சம் கரண்டைப் பிடித்துவைத்திருக்கும். மேசையில் அது இல்லாமல் பலகை நன்றாக ஓடியது. தோட்டத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடி கரண்ட் தாழும். அந்த நொடியில் சிப் தடுமாறி, நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் நிற்கவில்லை. கிணறு வற்றியும் ஓடி, மத்தியானத்துக்குள் கருகிப்போனது.

தோட்டக்காரர் மாடிப்படியில் நின்று பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டார். அக்கா தலையைக் குனிந்து, எனக்க தப்பாக்கும் என்று மட்டும் சொன்னாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தாள், கெப்பாசிட்டரைத் திரும்ப வைத்தாள். அன்றைக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சிப்புக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறதே அக்கா, அதையாவது ஓடவிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அந்தக் காவலுக்கு வாட்ச்டாக் என்று பெயர். அக்கா பட்டி என்பாள், எங்கள் பக்கத்தில் நாய்க்கு அதுதான் பேர். சிப்புக்குள் ஒரு சின்னக் கடிகாரம், அவ்வளவுதான். நாம் எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே அந்தப் பட்டியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். தட்டல் வராமல் போனால் புரோகிராம் எங்கோ விழுந்துவிட்டது என்று அது தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுப்பிவிடும். விழுந்தவன் கூப்பிட வேண்டியதில்லை. சத்தம் வராததே போதும்.

"ஒழுங்கா எழுதினா எதுக்கு வுழுது? பட்டிய நம்பி எழுதப்பிடாது மக்கா."

மேசையில் ஓடினால் போதாது என்று இப்போதுதானே பார்த்தோம் என்றேன். அவள் சூடு கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவேயில்லை.

நெய்யாற்றின்கரையில் வேறு வேலை கிடைத்து நான் அங்கே போன அந்த வருடமே, அக்கா வீட்டில் தனியாக விழுந்தாள். பின்பக்கத் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும் அந்த ரப்பர் வெட்டுக்காரர் தினமும் விடியும் நேரத்தில் அவள் வீட்டு ஓரமாகத்தான் நடப்பார். கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே போய்த் தூக்கியவர் அவர்தான். நாக்கைக் கடித்து, நெற்றியில் தையல். டாக்டர் காலையும் ராத்திரியும் மாத்திரை, நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று என் முன்னால் சொன்னார். அண்ணன் வீட்டுக்குப் போங்கள் என்றேன். மாட்டேன் என்றாள். அப்போது நான்தான் ஒரு ஏற்பாடு செய்தேன். காலை ஆறரைக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் எடுக்கமாட்டேன், பேச வேண்டாம். ஏழு மணிக்குள் அது வராவிட்டால் வெட்டுக்காரருக்கு நான் போன் பண்ணுவேன், அவர் போய்ப் பார்ப்பார்.

"இது உங்களுக்குள்ள பட்டியாக்கும்" என்று அவளிடம் சொன்னேன். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள்.

இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அரிசிப் பானை மூடிமேல் என் போன் இருக்கும். ஆறரைக்கு அது ஒரு தடவை அதிரும், மூடியும் சேர்ந்து அதிரும். அக்கா எழுந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பிப் போடுவேன். பிறகு எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மூத்தவளுக்குப் பள்ளி வேன் ஏழு மணிக்கு. ஒருத்தி ஷூவைக் காணோம் என்பாள், ஒருவன் அழுவான், என் வீட்டுக்காரருக்கு ட்யூட்டிக்கு நேரமாகும். காலை என்பது எனக்கு ஒரு ஓட்டமாகப் போனது.

ஒரு சனிக்கிழமை அக்கா நெய்யாற்றின்கரைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். எனக்குச் சாயா, அவளுக்குச் சுடுவெள்ளம். மெலிந்திருந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு, திங்கள்கிழமை நான் விளிச்சேனா, மிஸ்டு கால் வந்துதா என்று கேட்டாள். விளிச்சீங்களே என்றேன். செவ்வாய்? அன்றைக்கும்தான் என்றேன்.

"இல்ல மக்கா. ஆறு நாளாச்சு நான் விளிச்சு."

முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. சாமானை எடுத்துவிட்டுப் பலகைக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் அதே முகம். பிள்ளைக்குக் காய்ச்சல், நான் தூங்கவேயில்லை என்று சொன்னேன். அது நிஜம்தான், ஆனால் ஆறு நாளும் காய்ச்சல் இல்லை. என்னைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"சாரமில்ல, விடு. உனக்கும் ஓடிச்சு, எனக்கும் ஓடிச்சு. அப்போ இது வேண்டாம்."

அந்த நேரத்தில் நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வெட்கம், அந்த வெட்கம் கோபமாக மாறியது, இரண்டுக்கும் அடியில் ஒரு சின்ன ஆசுவாசமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சரி அக்கா, உடம்புக்கு முடியாமல் ஆனால் மட்டும் விளிங்க என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். சரி என்று சொல்லி எழுந்து குன்னத்துகால் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து ஐப்பசி மழை பிடித்தது. மழை விடாமல் பெய்தால் ரப்பர் வெட்ட முடியாது, மரம் நனைந்து பாலெல்லாம் வழிந்துபோகும். மூன்று நாள் வெட்டுக்காரர் அந்தப் பக்கம் நடக்கவேயில்லை. பயிற்சி நிலையத்துக்கும் மழை லீவு. நாலாம் நாள் விடியலில் மழை வெறித்து வானம் தெளிய, அவர் கத்தியும் வாளியுமாகப் போனபோது, சன்னல் வழியாக உள்ளே சின்னச் சின்ன வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சேச்சி என்று கூப்பிட்டிருக்கிறார். பிறகு வாசனை. அவர் போனில் என் நம்பர் அப்போதும் இருந்தது.

நான் போனபோது சர்ச்சிலிருந்து சபைக்காரர்களும் பஞ்சாயத்து மெம்பரும் வந்திருந்தார்கள். மேசைக்கும் பாய்க்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள், ஒரு கை மேசைக் காலைப் பிடித்த மாதிரி. அண்ணன் முற்றத்தில் நின்று, அவளுக்கு ஒரு பாரமும் யாருக்கும் கொடுக்கத் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் மாத்திரை எங்கே என்று கேட்டார். நான் நேராகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். சாமான்களுக்கு நடுவே மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்றில் மாத்திரைகளை பிளேடால் பாதி பாதியாக வெட்டி வைத்திருந்தாள். மற்ற மூன்று அட்டையையும் உடைக்கவேயில்லை. இரண்டை ஒன்றாக்கி, ஒன்றைப் பாதியாக்கி, கடைசியில் மாத்திரையையே எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஓடியிருக்கிறது. மாத்திரையும் அந்த அரிசி மணி கெப்பாசிட்டர் மாதிரிதான், சாதாரண நாளில் அது இல்லாதது தெரியாது. பலகையாக இருந்தால் நின்றதும் திரும்ப வைத்திருப்பாள். இங்கே திரும்ப வைக்க யாருமில்லை.

மேசையில் ஒரு எட்டுக்கண்ணன் சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் அப்படியே ஓடியிருக்கிறது. யாரோ அதை அணைக்கச் சொன்னார்கள். நான் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டில் செருகினேன். கரண்ட் போனாலும் எழுதியது அழியாது; பொத்தானை அமுக்கியபடி செருகினால், பிறகு அமுக்க அமுக்க உள்ளே எழுதியிருப்பதை ஒவ்வொரு சொல்லாக விளக்குகள் காட்டும். எரிந்தது ஒன்று, எரியாதது பூஜ்யம். தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். விளக்கை ஓடவைக்கும் புரோகிராம் எனக்கு மனப்பாடம், அது எத்தனை சொல் என்று தெரியும். இதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. என்னவென்று பார்த்தால் பட்டி. விளக்கு ஒவ்வொரு முறை ஓரத்தைத் தொடும்போதும் பட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பியது.

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், நல்ல பெண். பிள்ளைகளின் பலகைகளை வாங்கிப் பார்த்தேன். தோட்டக்காரரின் மோட்டார் கருகிய பிறகு செய்தது ஒவ்வொன்றிலும் பட்டி இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றிலும் வைத்திருக்கிறாள். கேன்டீன்காரர் எனக்குச் சாயா கொடுத்தார். கீழே யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் யாரோ பொத்தான் அமுக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் சொன்னது சரிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தச் சனிக்கிழமை அவள் ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்று புரிந்தது. பட்டி வேண்டும் என்று அவளிடமே வாதாடியவள் நான். விழுந்தவன் கூப்பிட வேண்டியதில்லை, சத்தம் வராததே போதும் என்று தெரிந்தவள். அப்படிப்பட்ட நான்தான், விழுந்தால் நினைவே இல்லாமல் கிடப்பவளிடம், உடம்புக்கு முடியாமல் ஆனால் மட்டும் விளிங்க என்று சொல்லி அனுப்பினேன்.